யானைக்கால் நோயும் ஐந்து வருட ஆர்.டி.யும்

பாட்னாவுக்கு மாற்றலாகி வரும் நம்மவர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "வீடு வீடா வந்து மாத்திரை தர்றாங்க சார், அவங்க கண்ணெதிர்லயே முழுங்கணுமாம். நல்லா இருக்கற நாம எதுக்குப் போட்டுக்கணும்?"

இங்கே 'ஹாத்தி பாவ்' என்பார்கள். நம்ம ஊர் யானைக்கால் நோய்தான். கும்பகோணத்துக் கொசு என்று நாம் கிண்டலடித்து வளர்ந்தோமே, அதே சமாச்சாரம். பதில் சொல்லக் கொஞ்சம் சரித்திரம் வேண்டும்.

1877ல் சீனாவின் அமோய் துறைமுகத்தில் டாக்டராக இருந்தவர் பாட்ரிக் மேன்சன். ரத்தத்தில் இந்தக் குட்டிப் புழுக்கள் இருந்த தன் தோட்டக்காரரைக் கொசுக்களிடம் கடிக்கவிட்டு, பிறகு அந்தக் கொசுக்களை அறுத்துப் பார்த்தார். உள்ளே புழுக்கள் வளர்ந்துகொண்டிருந்தன! 20 வருடம் கழித்து செகந்திராபாத்தில் மலேரியாவின் மர்மத்தை அவிழ்த்த ரொனால்ட் ராஸுக்கு இவர்தான் குரு.

1947ல் டி.இ.சி. என்ற மருந்து வந்தது. 1955ல் இந்தியா தேசியத் திட்டம் தொடங்கியது. குட்டிப் புழுக்கள் ராத்திரியில்தான் ரத்தத்தில் உலவும். எனவே ஊழியர்கள் ராத்திரியில் போய் ரத்தம் எடுத்து, புழு இருப்பவருக்கு மட்டும் மருந்து கொடுத்தார்கள். இத்தனை பெரிய தேசத்துக்கு அது போதவில்லை. சீனா மருந்தை உப்பிலேயே கலந்து எல்லோருக்கும் கொடுத்தது. 2007ல் நோயை ஒழித்த நாடாக அங்கீகாரம் பெற்றது.

1997ல் உலக சுகாதார சபை இந்த நோயை ஒழிப்பது என்று தீர்மானம் போட்டது. 1998ல் ஸ்மித்க்ளைன் பீச்சம் அல்பெண்டசோலை இலவசமாகத் தர முன்வந்தது. ஆப்பிரிக்காவுக்கு மெர்க் ஐவர்மெக்டின் தந்தது. 2000ல் உலகத் திட்டம் துவங்கியது. பின்னாளில் ஜப்பானின் எய்சாய் டி.இ.சி.யையும் இலவசமாகத் தந்தது. காசு கொடுக்க முடியாத வாடிக்கையாளருக்காக இத்தனை கம்பெனிகள் கை கோத்தது சாதாரண விஷயமில்லை.

சரி, கேள்விக்கு வருவோம். தாய்ப் புழு உடம்புக்குள் 6 முதல் 8 வருடம் வாழும். மருந்து முக்கியமாகக் குட்டிகளைத்தான் கொல்லும். தாய்ப் புழு சாகும்வரை வருடா வருடம் குட்டிகளை ஒழித்துக்கொண்டே இருந்தால் கொசுவுக்கு எடுத்துப்போக ஒன்றும் கிடைக்காது. குறைந்தது ஐந்து வருடம் கட்ட வேண்டிய ஆர்.டி. மாதிரி. இதில் ஊரே தவணை கட்ட வேண்டும். மொத்த ஜனத்தொகையில் 65 சதவீதம் பேராவது விழுங்கியாக வேண்டும். கால் வீங்குவது பல வருடம் கழித்துத்தான். அதுவரை புழு இருப்பவரும் நம்மைப் போல நன்றாகத்தான் தெரிவார்.

இலங்கை 2016ல் ஜெயித்தது. பங்களாதேஷ் 2023ல், பிரேசில் 2024ல். நாம் 2004ல் நாடு தழுவித் தொடங்கி, 2015 என்று வைத்த கெடுவைத் தவறவிட்டு, இப்போது 2027 என்கிறோம். காரணங்களில் முக்கியமானது, வாங்கிய மாத்திரை அலமாரியிலேயே தூங்கியது. கண்ணெதிரே விழுங்கச் சொல்வது அதனால்தான். 2018லிருந்து சில மாவட்டங்களில் மூன்று மருந்துகளாகவே தருகிறார்கள்.

விழுங்கிய பிறகு சிலருக்குக் காய்ச்சல், தலைவலி வரலாம். பெரும்பாலும் அது புழுக்கள் சாவதன் அறிகுறி. ஓரிரு நாளில் சரியாகிவிடும். கர்ப்பிணிகள், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள், கடுமையான நோயாளிகளுக்கு வேண்டாம். ஏற்கெனவே வீங்கிப்போன கால்களை மாத்திரை பழையபடி ஆக்காது. அவர்களுக்குத் தினமும் காலைக் கழுவிப் பராமரிக்கக் கற்றுத்தருவது திட்டத்தின் இன்னொரு பாதி.

அடுத்த முறை கதவைத் தட்டும்போது "நாங்க வெளியூர்க்காரங்க" என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். கொசு ரேஷன் கார்டு பார்த்துக் கடிப்பதில்லை. சாப்பிட்டுவிட்டு, அவர்கள் முன்னாலேயே விழுங்குங்கள். ஓட்டுப் போட்ட மாதிரி விரலில் மை வைத்துவிட்டுப் போவார்கள்.