ஃபேர் பந்தும் ஃபவுல் பந்தும்: அடிபந்தாட்ட எல்லைக்கோட்டின் வரலாறு

பேஸ்பால் எனப்படும் அடிபந்தாட்டத்தில் மட்டையாளர் அடித்த பந்து ஆட்ட எல்லைக்குள் சென்றால் அது 'ஃபேர்' பந்து, எல்லைக்கு வெளியே சென்றால் 'ஃபவுல்' பந்து. மட்டையாளர் நிற்கும் இடத்தில் ஹோம் பிளேட் என்னும் தட்டு தரையில் பதிக்கப்பட்டிருக்கும். அதன் முனையிலிருந்து இரண்டு வெள்ளைக் கோடுகள் செங்கோணத்தில் விரிந்து செல்கின்றன. ஒன்று முதல் தளத்தையும் மற்றொன்று மூன்றாம் தளத்தையும் ஒட்டிச் சென்று வேலியில் முடியும். இவ்விரு கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதியே ஃபேர் பகுதி. கோடுகளும் அதில் அடங்கும்.

இவ்வளவுதான் விதி என்றால் சிக்கலே இல்லை. ஆனால் அடிபட்ட பந்து துள்ளும், உருளும், காற்றில் வளையும். ஒரு கணம் கோட்டுக்கு உள்ளே இருக்கும் பந்து மறுகணம் வெளியே போய்விடும். எந்தக் கணத்தில் பந்து இருந்த இடத்தைக் கணக்கில் கொள்வது என்பதே உண்மையான கேள்வி. இதற்கான விடை ஒன்றரை நூற்றாண்டில் பலமுறை மாறியிருக்கிறது.

கோடு இல்லாத காலம்

அடிபந்தாட்டத்தின் உறவு விளையாட்டான கிரிக்கெட்டில் ஃபவுல் பகுதி என்று ஒன்று இல்லை. மட்டையாளர் தமக்குப் பின்னால் பந்தைத் தட்டிவிட்டும் ஓட்டம் எடுக்கலாம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பகுதியில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆடப்பட்ட பழைய அடிபந்தாட்ட வகையிலும் இதே நிலைதான். எத்திசையில் அடித்தாலும் அது ஆட்டத்தில் உள்ள பந்து.

நியூயார்க்கின் நிக்கர்பாக்கர் கழகம் 1845ஆம் ஆண்டு எழுதிவைத்த விதிகள் இந்த வழக்கத்திலிருந்து விலகின. முதல் தளம், மூன்றாம் தளம் ஆகியவற்றின் நேர்க்கோட்டுக்கு வெளியே செல்லும் பந்து ஃபவுல் என்று அவ்விதிகள் கூறின. இதனால் வட்டமாக இருந்த ஆடுகளம் ஏறத்தாழ கால் வட்டமாகச் சுருங்கியது. களத்தடுப்பாளர்கள் மட்டையாளரின் முன்புறத்தைக் காத்தால் போதும் என்றானது. பார்வையாளர்கள் கோட்டுக்கு அருகிலேயே நின்று ஆட்டத்தைப் பார்க்க முடிந்தது. இன்று நாடறிந்த அடிபந்தாட்டத்தின் தோற்றத்தை வேறெந்த விதியையும்விட இந்த ஒரு விதியே வடிவமைத்தது எனலாம்.

ராஸ் பார்ன்ஸின் அடி

பந்து முதலில் தரையைத் தொட்ட இடம் எல்லைக்குள் இருந்தால் அது ஃபேர் பந்து. அதன்பின் எங்கே உருண்டு போனாலும் கவலையில்லை. 1870களில் இதுவே வழக்கில் இருந்த விதி. அடிபந்தாட்ட வரலாற்றின் மிகத் தந்திரமான அடி ஒன்று இதிலிருந்து பிறந்தது.

அதற்கு 'ஃபேர்-ஃபவுல்' அடி என்று பெயர். மட்டையாளர் பந்தை ஹோம் பிளேட்டுக்குச் சற்று முன்னால் தரையில் மோதும்படி கீழ்நோக்கி அடிப்பார். எல்லைக்குள் ஒருமுறை பட்ட பந்து, சுழற்சியின் வேகத்தால் பக்கவாட்டில் திரும்பிக் கோட்டைக் கடந்து வெளியே ஓடிவிடும். களத்தடுப்பாளர் அதைத் துரத்திப் பிடிப்பதற்குள் மட்டையாளர் தளத்தை அடைந்திருப்பார். புரூக்ளினைச் சேர்ந்த டிக்கி பியர்ஸ் இந்த அடியின் முன்னோடியாகக் கருதப்படுகிறார். ஆனால் அதில் தேர்ச்சியின் உச்சத்தைத் தொட்டவர் ராஸ் பார்ன்ஸ். நேஷனல் லீக் தொடங்கிய 1876ஆம் ஆண்டில் சிகாகோ அணிக்காக ஆடிய பார்ன்ஸ் 0.429 சராசரியுடன் மட்டையாளர்களில் முதலிடம் பெற்றார். அவருடைய அணியே அந்த ஆண்டின் வாகையும் சூடியது.

அடுத்த ஆண்டே விதி மாறியது. முதல் தளத்தையோ மூன்றாம் தளத்தையோ கடப்பதற்கு முன்பு எல்லைக்கு வெளியே போய்விடும் பந்து, எங்கே முதலில் தரையைத் தொட்டிருந்தாலும் ஃபவுல் என 1877இல் அறிவிக்கப்பட்டது. பார்ன்ஸின் சராசரி 0.272 ஆக வீழ்ந்தது. விதி மாற்றமே அவரைச் சாய்த்தது என்று பல நூல்கள் எளிதாக எழுதிவிடுகின்றன. ஆனால் அந்தப் பருவத்தில் அவர் காய்ச்சலால் நீண்ட நாள் ஆடவே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம். காரணம் எதுவாயினும், பயிற்சியால் கைவந்த ஒரு கலை ஒரே விதியால் ஆட்டத்திலிருந்து நீக்கப்பட்டது மட்டும் உறுதி.

கோடு துல்லியமாக வேண்டும் என்ற எண்ணம் இதன்பின் வலுப்பட்டது. முன்பு முதல், மூன்றாம் தளங்களின் பாதி எல்லைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. 1887இல் அவை முழுமையாக உள்ளே நகர்த்தப்பட்டன. சதுரமாக இருந்த ஹோம் பிளேட் 1900இல் ஐங்கோண வடிவம் பெற்றது. ஹோம் பிளேட்டும் ஃபேர் பகுதியில்தான் உள்ளது. தட்டில் பட்ட பந்து ஃபவுல் என்று பலரும் எண்ணுவது தவறு.

தண்டனை இல்லாத ஃபவுல்

தொடக்கக் காலத்தில் பிடிபடாத ஃபவுல் பந்துக்கு எந்த விலையும் இல்லை. அது ஸ்ட்ரைக்காகவும் எண்ணப்படவில்லை. மூன்று ஸ்ட்ரைக் ஆனால்தான் மட்டையாளர் ஆட்டமிழப்பார் என்பதால், கைத்திறன் உள்ளவர் தமக்குப் பிடிக்காத பந்துகளையெல்லாம் வெளியே தட்டிவிட்டுப் பந்தெறிவாளரைக் களைப்படையச் செய்யலாம். பிலடெல்பியா அணியின் ராய் தாமஸ் இதற்குப் பேர்போனவர். நான்கு பிழை எறிகளால் முதல் தளத்தை இலவசமாகப் பெறுவதில் அவர் ஏழு பருவங்களில் நேஷனல் லீக்கின் முதலிடத்தில் இருந்தார்.

இத்தகைய ஆட்டத்தால் நேரம் இழுபட்டது. முதலில் 1894இல், பந்தை மட்டையால் மெல்ல நிறுத்தும் 'பன்ட்' அடி ஃபவுலானால் ஸ்ட்ரைக் என்று விதிக்கப்பட்டது. பின்னர் 1901இல் நேஷனல் லீக்கும் 1903இல் அமெரிக்கன் லீக்கும் முதல் இரண்டு ஸ்ட்ரைக் வரை எல்லா ஃபவுலையும் ஸ்ட்ரைக்காக எண்ணத் தொடங்கின. இரண்டு ஸ்ட்ரைக்குக்குப் பின் அடிக்கும் ஃபவுல் இன்றும் எண்ணப்படுவதில்லை. பன்ட் மட்டும் விதிவிலக்கு. அதனால்தான் 2018 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோ அணியின் பிராண்டன் பெல்ட் ஒரே முறை மட்டை பிடித்து 21 பந்துகளைச் சந்திக்க முடிந்தது. இவ்வளவு பாடுபட்டும் கடைசிப் பந்தில் பிடி கொடுத்து வெளியேறினார்.

கம்பமும் வலையும்

வேலியைத் தாண்டிப் பறக்கும் பந்துக்குத் தனிச் சிக்கல் உண்டு. 1930 வரை அது எங்கே விழுந்தது, அல்லது நடுவரின் கண்ணுக்குக் கடைசியாக எங்கே தெரிந்தது என்று பார்க்கப்பட்டது. வேலியை எல்லைக்குள் கடந்தபின் வளைந்து வெளியே விழுந்த பந்துகள் ஹோம் ரன் ஆகாமல் போயின. 1931 முதல் வேலியைக் கடக்கும் இடமே கணக்கு என்றானது. கோடு வேலியைத் தொடும் இடத்தில் நிற்கும் உயரமான கம்பத்தின் மதிப்பு இதனால் கூடியது. அதன் பெயர் ஃபவுல் கம்பம். ஆனால் அதில் பட்ட பந்து ஃபேர்! பெயர் வைத்தவர்கள் சற்று யோசித்திருக்கலாம்.

கம்பம் மட்டும் போதவில்லை. 1939 ஜூலை 15 அன்று நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் அரங்கில் சின்சினாட்டி அணியின் ஹாரி கிராஃப்ட் அடித்த பந்து கம்பத்தை ஒட்டிப் பறந்தது. நடுவர் ஃபேர் என்றார். நியூயார்க் வீரர்கள் கொதித்தெழுந்தனர். வாக்குவாதம் முற்றி, வீரர் பில்லி ஜர்கஸும் நடுவர் ஜார்ஜ் மேகர்கர்த்தும் ஒருவர் முகத்தில் ஒருவர் உமிழ்ந்துகொண்டனர். இருவருக்கும் தலா 150 டாலர் அபராதமும் 10 நாள் தடையும் கிடைத்தன. கம்பங்களின் உட்புறத்தில் இரண்டடி அகல வலை பொருத்த வேண்டும் என்று லீக் தலைவர் ஃபோர்ட் ஃபிரிக் உடனே ஆணையிட்டார். வலையில் பந்து பட்டால் ஐயத்துக்கு இடமில்லை.

1975 உலகத் தொடரின் ஆறாம் ஆட்டத்தில் இந்தக் கம்பம் புகழ்பெற்றது. பாஸ்டனில் 12ஆவது சுற்றில், நள்ளிரவு கடந்த நேரத்தில், கார்ல்டன் ஃபிஸ்க் அடித்த பந்து இடப்புறக் கோட்டின்மேல் உயர்ந்தது. பந்தை உள்ளே தள்ளுவதுபோல் அவர் இரு கைகளையும் வீசியபடி துள்ளினார். பந்து கம்பத்தில் மோத, பாஸ்டன் 7–6 என வென்றது. தொடரை வென்றதோ சின்சினாட்டிதான்.

இன்றைய விதியும் நடுவரின் கண்ணும்

முதல், மூன்றாம் தளங்களுக்கு இப்பால் உருளும் பந்து எங்கே நிற்கிறது அல்லது எங்கே தொடப்படுகிறது என்று இன்று பார்க்கப்படுகிறது. துள்ளிச் செல்லும் பந்துக்குத் தளத்தைக் கடக்கும்போது இருந்த இடமே கணக்கு. தளங்களுக்கு அப்பால் விழும் பந்துக்கு முதலில் தரையைத் தொட்ட இடமே கணக்கு. களத்தடுப்பாளரின் கால் எங்கே இருந்தது என்பது பொருட்டல்ல. பந்தின் இடமே முக்கியம். 1981இல் சியாட்டில் அணியின் லென்னி ராண்டில், கோட்டை ஒட்டி மெல்ல உருண்டுவந்த பந்தைக் கையால் தொடாமல், தரையில் மண்டியிட்டு வாயால் ஊதியே வெளியே தள்ளிவிட்டார். நடுவர்கள் அதை ஏற்கவில்லை. மட்டையாளருக்கு முதல் தளம் வழங்கப்பட்டது.

விதி தெளிவானாலும் கண் தவறலாம். 2009 அக்டோபர் 9 அன்று நியூயார்க்கில் நடந்த தகுதிநிலை ஆட்டத்தின் 11ஆவது சுற்றில் மினசோட்டா அணியின் ஜோ மவர் அடித்த பந்து, களத்தடுப்பாளரின் கையுறையை உரசிவிட்டுக் கோட்டுக்குள்ளேயே தெளிவாக விழுந்தது. கோட்டைக் கவனிப்பதற்கென்றே அருகில் நின்ற நடுவர் பில் கஸ்ஸி ஃபவுல் என்றார். இரண்டாம் தளம் வரை சென்றிருக்க வேண்டிய மவர் மீண்டும் ஆடி முதல் தளத்தை மட்டுமே அடைந்தார். அந்தச் சுற்றில் மினசோட்டா ஓட்டம் எதுவும் எடுக்கவில்லை. நியூயார்க் 4–3 என வென்றது. தீர்ப்பு தவறு என்று நடுவர் குழுவின் தலைவர் ஆட்டம் முடிந்ததும் ஒப்புக்கொண்டார்.

ஒளிப்பதிவைப் பார்த்துத் தீர்ப்பளிக்கும் முறை அப்போதும் இருந்தது. ஆனால் 2008இல் வந்த அந்த ஏற்பாடு ஹோம் ரன் சர்ச்சைகளுக்கு மட்டுமே. மவரின் அடி போன்றவை 2014இல்தான் மறுஆய்வுக்குள் வந்தன. அதுவும் முதல், மூன்றாம் தள நடுவர்கள் நிற்கும் இடத்துக்கு அப்பால் விழும் பந்துகளுக்கு மட்டும். அதற்கு இப்பால் விழும் பந்துகளின் தீர்ப்பை நடுவரின் கண்ணிடமே விட்டுவிட்டார்கள்.