தலைக்காய மறதியும் புதிதாகக் கற்றலும்: திண்டிவனம்–விழுப்புரம் சாலையை முன்வைத்து

1. களம்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம்வரை சென்னை–திருச்சி நெடுஞ்சாலை ஏறக்குறைய 40 கி.மீ. முண்டியம்பாக்கத்தில் இச்சாலையோரமே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பைக் விபத்தில் தலையில் அடிபட்டுப் பிழைத்தவர்கள் சிலருக்குப் புதிய நிகழ்ச்சிகள் மனத்தில் தங்குவதில்லை. காலையில் பார்த்துப்போன மாமாவை, மாலையில் 'வரவே இல்லை' என்பார்கள். 'இனி இவனுக்கு எதுவும் ஏறாது' என்று வீட்டார் மனம் விட்டுவிடுகிறார்கள். அது தவறு.

2. சான்றுகள்

2.1 கைப்பழக்கம்

வலிப்பு நோய்க்காக 1953இல் அமெரிக்கர் ஹென்றி மொலேசனுக்கு மூளையில் புதிய நினைவுகளைப் பதிக்கும் ஹிப்போகேம்பஸின் ஒரு பெரும் பகுதி இருபுறமும் அகற்றப்பட்டது. அதன்பின் புதிய நிகழ்ச்சிகள் அவர் மனத்தில் தங்கவில்லை. கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திரம் வரைய உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரைப் பழக்கினார். மூன்றே நாளில் கை தேறியது. பழகிய நினைவோ அவரிடம் இல்லை. இத்தகைய திறன்களுக்குச் சிறுமூளை போன்ற வேறு பகுதிகள் துணைநிற்கின்றன.

2.2 செய்தியறிவு

நம் சாலைக்கு நெருக்கமானவர், ஆய்வுகளில் 'கே.சி.' எனப்படும் கனடா நோயாளி. 1981இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கியவர். தன் வாழ்வின் ஒரு நிகழ்ச்சியைக்கூட அவரால் நினைவுகூர முடியவில்லை. ஆயினும், திரும்பத் திரும்பப் படிக்கவைத்தபோது புதிய செய்திகளைக் கற்றார் என்று உளவியலாளர் எண்டல் டல்விங் குழு 1991இல் காட்டியது. எப்போது கற்றார் என்பதுதான் அவருக்குத் தெரியாது.

3. கற்பிக்கும் முறை

"நேத்து ராத்திரி என்ன சாப்பிட்ட, சொல்லு பாக்கலாம்?" வீட்டார் பாசத்தில் கேட்பதுதான். ஆனால் நோயாளி குத்துமதிப்பாக ஒன்றைச் சொல்கிறார். அந்தத் தவறே படிந்துவிடுகிறது. அது தவறு என்று திருத்திய நினைவுதான் தங்குவதில்லை. பிழைக்கு இடமே கொடாமல் கற்பித்தால் இவர்களுக்குப் பலன் கூடுகிறது என்று ஆலன் பேட்லியும் பார்பரா வில்சனும் 1994இல் காட்டினர்.

குடும்பம் விக்கிரவாண்டிக்குக் குடிபெயர்ந்திருக்கிறது என்று கொள்வோம். 'நம்ம வீடு விக்கிரவாண்டி' என்று முழுதாக எழுதிப் படிக்கச் சொல்ல வேண்டும். பிறகு 'விக்கிரவாண்—', அடுத்து 'விக்கிரவா—' என ஓரோர் எழுத்தாகக் குறைக்க வேண்டும். தடுமாறினால் ஊகிக்க விடாமல் உடனே எழுத்தைச் சேர்த்துவிட வேண்டும். எலிசபெத் கிளிஸ்கி குழு 1986இல் இப்படி எழுத்துகளைப் படிப்படியாகக் குறைத்தே மறதி நோயாளிகளுக்குக் கணினிச் சொற்களைக் கற்பித்தது.

4. எல்லை

இப்படிக் கற்றது இறுக்கமானது. கேள்வியை மாற்றிக் கேட்டால் பதில் வராமல் போகலாம். ஆகவே அன்றாடம் தேவையானதை, தேவைப்படும் இடத்திலேயே கற்பிக்க வேண்டும்.

டிஸ்சார்ஜ் சீட்டோடு வீட்டாரை உட்காரவைத்து இம்முறையைச் செய்துகாட்ட அரை மணி நேரம் ஒதுக்குமாறு மருத்துவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.