குறிவரைவு வரைய இலவச மென்பொருள்: எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

தமிழ்ப்பள்ளிக் கணிதப் பாடத்தில் பட்டைக் குறிவரைவையும் வட்டக் குறிவரைவையும் மாணவர்கள் கையால் வரைகிறார்கள். பின்னர் சங்கத்தின் ஆண்டறிக்கைக்கோ பல்கலைக்கழக ஆய்வேட்டுக்கோ அவற்றைக் கணினியில் வரைய வேண்டியிருக்கும். அதற்குப் பணம் கட்டாமல் கிடைக்கும் மென்பொருள்கள் பல உள்ளன. ஆனால், கொடுக்கும் தகவல் எங்கே போய்ச் சேர்கிறது என்பதில் அவை பெரிதும் வேறுபடுகின்றன.

பெரும்பாலோருக்கு லிப்ரெஆபிஸ் தொகுப்பில் உள்ள கால்க் போதும். 2010இல் ஓப்பன்ஆபிஸ் திட்டத்திலிருந்து பிரிந்து வந்த இத்தொகுப்பு விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். எக்செல் கோப்புகளையும் திறக்கும். நிறுவிய பின் இணையம் தேவையில்லை. உறுப்பினர் சந்தா, நன்கொடை, சம்பளம் போன்ற விவரங்களுக்கு இதுவே ஏற்றது. (முப்பரிமாண வட்டக் குறிவரைவு அதிலும் உண்டு, தவிர்ப்பது நல்லது. முன்னால் இருக்கும் துண்டு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும்.)

பலர் சேர்ந்து ஒரே பட்டியலை நிரப்ப வேண்டுமானால் கூகல் ஷீட்ஸ் வசதி. தகவல் அந்நிறுவனத்தின் கணினிகளில் இருக்கும். கோப்பை யாருடன் பகிர்கிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

டேப்லோ பப்ளிக் அழகான படங்களைத் தரும். அதில் வெளியிடுவது பொதுமக்கள் பார்வைக்குப் போகும் என்பது பெயரிலேயே இருக்கிறது. மலேசியப் புள்ளிவிவரத் துறையின் ஓப்பன்டோசம், சிங்கப்பூரின் டேட்டா.கவ்.எஸ்ஜி போன்ற தளங்களில் கிடைக்கும் தகவலுக்கு அது பொருந்தும். கோயில் கணக்கை அங்கே ஏற்றக்கூடாது.

வழக்கமில்லாத வடிவங்கள் வேண்டுவோருக்கு இத்தாலியின் மிலான் நகரில் உருவான ராகிராப்ஸ் இருக்கிறது. உலாவியில் திறந்தாலும், தகவல் பயனரின் கணினியிலேயே கையாளப்படுகிறது. வேறு கணினிக்கு அனுப்பப்படுவதில்லை.

ஆய்வு மாணவர்கள் ஆர் மொழியையோ, பைத்தானின் மேட்பிளாட்லிப்பையோ பழகுவது நல்லது. எண்கள் மாறினால் நிரலை மீண்டும் இயக்கினால் போதும், படம் புதிதாகிவிடும். தமிழில்தான் சிக்கல். மேட்பிளாட்லிப்பின் வழக்கமான எழுத்துருவில் தமிழ் கட்டங்களாகவே வரும். தமிழ் எழுத்துருவைக் கொடுத்தாலும், பழைய பதிப்புகளில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும்.

எந்த மென்பொருளானாலும் வேலையைத் தொடங்கும் முன், ‘கை’, ‘கொடை’, ‘தேதி’ ஆகிய மூன்று சொற்களைத் தலைப்பில் தட்டச்சு செய்து, பிடிஎஃப் கோப்பாகச் சேமித்துப் பார்க்கலாம். திரையில் சரியாகத் தெரிந்த எழுத்துகள் சில வேளைகளில் அந்தக் கோப்பில் உடைந்து வருவதுண்டு.