ஊதாக் களிம்பு பிறந்த கதை

மிங் அரசர்கள் ஆண்ட சீனத்தில், 1617-இல், சென் ஷிகோங் என்ற ரண வைத்தியர் 'வைக்கே செங்சோங்' என்றொரு நூலை வெளியிட்டார். கட்டி, பிளவை, ஆறாத புண் என உடம்பின் மேல் வருகிற பலவற்றுக்கும் அதில் வைத்தியம் உண்டு. தலையில் தோல் காய்ந்து, அரித்து, முடி கொட்டுகிறவர்களுக்கு அவர் எழுதிவைத்தது ஒரு களிம்பு: நல்லெண்ணெய், தேன்மெழுகு, தாங்குய் வேர், கொஞ்சம் ஸிட்சாவ் வேர். தேங்காயெண்ணெயில் வேம்பாளம்பட்டை சாயம் விடுகிற மாதிரி, ஸிட்சாவும் எண்ணெயில் ஊறினால்தான் நிறம் விடும்.

ஜப்பானில் ஹனவோகா செய்ஷூ (1760–1835) இதில் பன்றிக்கொழுப்பைச் சேர்த்தார், ஷியுன்கோ என்ற ஊதாக் களிம்பு பிறந்தது. 1804-இல், ஊமத்தை கலந்த மூலிகை மருந்தால் மயக்கி, 60 வயதுப் பெண்மணியின் மார்பகப் புற்றுக்கட்டியை அறுத்தெடுத்த அதே செய்ஷூதான். ஈதர் மயக்கமருந்து உலகறிய வந்ததே 1846-இல்!

காய்ச்சுவதில்தான் சூட்சுமம். எண்ணெயில் மெழுகும் கொழுப்பும் உருகியபின் தாங்குய்யைப் போட்டு, சிவந்ததும் அரித்தெடுக்க வேண்டும். ஸிட்சாவ் கடைசியில், சூடு சுமார் 140 டிகிரி. நுரைத்துக்கொண்டு ஊதா இறங்கியதும் துணியில் வடித்துவிட வேண்டும். சூடு மீறினால் பழுப்பாகிவிடும். நிறம் தருகிற ஷிகோனின்தான் மருந்தும் என்பதால், நிறம் போனால் குணமும் போச்சு.

இந்த ஊதா பின்னாளில் கதிர்ப்புண்ணுக்கும் பூசப்பட்டது. ரான்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டது 1895-இல். மறுவருடமே தோல் வெந்துபோன செய்திகள் வரத் தொடங்கின. தோலின் அடியடுக்குச் செல்கள் ஓயாமல் பெருகுபவை. புற்றைக் குறிவைக்கும் கதிர் அவற்றையும் அடிக்கிறது. கதிர்ச் சிகிச்சை தொடங்கிய சில வாரங்களில் தோல் சிவந்து, செதிலாகி, அக்குளிலும் மார்பின் அடிமடிப்பிலும் உரிந்து நீர் கசியும். சீன வைத்தியர்கள் கண்ணுக்கு இது வெளியிலிருந்து ஏறிய நெருப்பு நஞ்சு. ரத்தச் சூட்டைத் தணிக்க அவர்கள் மரபில் ஏற்கெனவே இருந்தது ஸிட்சாவ். தீப்புண்ணுக்குப் பூசிய, ஸிட்சாவ் ஊறிய ஊதா எண்ணெய் கதிர்ப்புண்ணுக்கும் வந்தது இந்தக் கணக்கில்தான்.

கதிர்ப்புண்ணுக்கு இந்த எண்ணெயை வைத்துச் சீன மருத்துவமனைகளில் சோதனைகளும் நடந்திருக்கின்றன. பலவும் பலன் உண்டு என்றே சொல்கின்றன. எனக்கு அரை நம்பிக்கைதான். பல சோதனைகள் சிறியவை. அதோடு, யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் எண்ணெய் என்று மறைத்துச் சோதிப்பது இதில் பெரும்பாடு. உள்ளாடையில் ஏறுகிற ஊதாக் கறையே காட்டிக்கொடுத்துவிடும்.