பேலீஃப்: பிரித்து மீண்டும் கோத்த வீடு

இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் பௌ பீச் நீர்த்தேக்கம் கட்டுவதென்று முடிவானபோது, சிடிங்ஸ்டோன் பக்கத்தில் இருந்த பேலீஃப் என்ற பண்ணை வீட்டுக்கு ஆபத்து வந்தது. 1968-69இல் அதைத் துண்டு துண்டாகப் பிரித்து எடுத்துச் சென்றார்கள். மேற்கு சஸெக்ஸில் சிங்கிள்டன் கிராமத்துத் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் அது இன்று நிற்கிறது.

ஐந்நூறு ஆண்டு தாண்டிய வீட்டை இப்படி இடம் மாற்ற முடிந்ததற்குக் காரணம் பழைய தச்சர்களின் வேலைமுறைதான். இந்த வீட்டில் சுவர்கள் எதையும் சுமப்பதில்லை. பாரம் முழுவதும் ஓக் மரத் தூண்களிலும் உத்தரங்களிலும் இறங்குகிறது. இடைவெளிகளை அடைப்பது, பின்னிய குச்சிகளின் மேல் பூசிய மண் மட்டுமே.

ஓக் மரத்தை வெட்டிய ஈரத்தோடேயே இழைத்தார்கள். காய்ந்துவிட்டால் உளி இறங்குவது கடினம். ஒரு மரத்தின் முனையைச் செதுக்கி மற்றொன்றின் துளைக்குள் செருகி, குறுக்கே மர ஆணி அடிப்பார்கள். ஆணித் துளைகளை வேண்டுமென்றே சற்று விலக்கிப் போடுவதுண்டு. ஆணி உள்ளே போகப் போக மூட்டு இறுகும். சட்டங்களை முதலில் தரையில் கிடத்திப் பொருத்திப் பார்ப்பார்கள். எதனோடு எது சேரும் என்பதற்கு ரோமன் எண்களைக் கீறி வைத்து, பிறகு கழற்றித் தூக்கி நிறுத்துவார்கள். வீடு என்பதே அன்று கழற்றி மாட்டக்கூடிய பொருள்.

மர வளையங்களை எண்ணிக் காலம் கணித்ததில், பேலீஃபின் நடுக்கூடம் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையும், ஒரு பக்க அறைகள் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் சேர்ந்தவை என்று தெரிந்தது. இரு ஓரங்களிலும் மாடி முன்னே துருத்தி நிற்கும். நடுக்கூடம் மட்டும் உள்வாங்கியிருக்கும். கென்ட், சஸெக்ஸ் பகுதிகளில் பரவலான இந்த அமைப்பை 'வீல்டன் வீடு' என்பார்கள்.

கூடத்துக்கு மாடி கிடையாது. தரையிலிருந்து கூரைவரை வெட்டவெளி. நடுவில் தரையிலேயே தீ எரியும். புகைபோக்கி இல்லாததால் புகை மேலேறி, கூரை இடுக்குகளில் கசிந்து போகும். சன்னல்களிலும் கண்ணாடி இல்லை, மரக் கம்பிகளும் கதவுகளும்தான். இத்தகைய வீடுகளின் கைமரங்களில் படிந்த கரிதான், அங்கே ஒரு காலத்தில் திறந்த அடுப்பு எரிந்தது என்பதற்கு ஆய்வாளர்கள் முதலில் தேடும் சாட்சி.

வீட்டை 1540 வாக்கில் இருந்த கோலத்தில் காட்டுவதென்று அருங்காட்சியகம் முடிவு செய்தது. அதனால் பின்னாளில் கூடத்தில் எழுப்பிய புகைபோக்கிக்கு இங்கே இடமில்லாமல் போயிற்று. புகையில்லாத கூடத்தில் வாழ்ந்த தலைமுறைகளும் பேலீஃபின் வரலாறுதான். அவர்களைக் காட்டும் செங்கல் இங்கே இல்லாதது உண்மையான இழப்பு. ஆனாலும் தீ மூட்டிய அந்த உயரமான கூடத்தைப் பார்ப்பவர்களுக்கு, எந்த வரைபடமும் சொல்லாத ஒன்று விளங்கிவிடுகிறது: அந்தக் கூரையை ஏன் அவ்வளவு உயரத்தில் வைத்தார்கள் என்பது.