கல்லில் பொறித்த நீர்க்கணக்கு

வள்ளுவப் பெருந்தகையார் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். நம் முன்னோரும் இறைவனுக்கு ஆலயம் எடுத்ததோடு அமையாது, ஏரியும் குளமும் அகழ்ந்து அவற்றைப் பேணும் நெறியையும் வகுத்தனர். அந்நெறியை இன்று நமக்கு உரைப்பவை திருக்கோயிற் கல்வெட்டுக்களே.

உத்தரமேரூர் வைகுந்தப் பெருமாள் திருக்கோயிலில் முதற் பராந்தக சோழன் காலத்துச் சாசனங்கள் இரண்டு உள்ளன. அவை கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளுக்கு உரியவை. அவை கூறும் குடவோலை முறையைப் பலரும் அறிவர். அம்முறையால் அமைந்த ஏரி வாரியத்தைச் சிலரே எண்ணிப் பார்ப்பர். ஏரியைக் காக்க அறுவர். அவர்தம் பதவிக்காலம் 360 நாள். அவ்வூர் வயிரமேக தடாகத்தில் தூரெடுப்பதற்கென அன்பர்கள் பொன் வைத்தனர். அதன் பலிசையால் பணி நடைபெற்றது. மழை பொய்த்தபின் வருந்துவதினும், பெய்யும் காலத்தே கொள்ளிடம் பெருக்குவதே அறிவுடைமை என்பது அவர் கொள்கை.

ஆயினும் பஞ்சம் வாராமல் இல்லை. கி.பி. 1054இல் சோழநாட்டு ஆலங்குடியில் காலம் பொல்லாததாக, ஊர்ச்சபையார் திருக்கோயிற் பண்டாரத்திலிருந்து 1,011 கழஞ்சு பொன்னும் 464 பலம் வெள்ளியும் கடனாகப் பெற்றனர். இறைவன் அணிகலமே ஊரார்க்கு உயிர்மருந்தாயிற்று.

கல் கூறும் செய்தியை இன்று மரமும் கூறுகின்றது. மழை குறைந்த ஆண்டில் தேக்கின் வளையம் ஒடுங்கும். கேரளத்துத் தேக்கு மரங்களை ஆராய்ந்த அறிஞர்கள் 1481 முதல் 2003 வரை 523 ஆண்டுகளின் வளையங்களை வரிசைப்படுத்தி, 2010இல் வெளியிட்டனர். பசிபிக் பெருங்கடல் வெப்பமுறும் 'எல் நினோ' ஆண்டுகளோடு ஒடுங்கிய வளையங்கள் பல இயைந்து நிற்கக் கண்டனர். தாது வருடப் பஞ்சம் நிகழ்ந்த 1876-78ஆம் ஆண்டுகளிலும் கடுமையான எல் நினோ தோன்றியது. ஆகவே, வறட்சி என்றோ ஒருநாள் வரும் விபத்தன்று. மீண்டும் மீண்டும் வரும் விருந்தாளி. ஒரு தலைமுறையின் மழைக்கணக்கை மட்டும் கொண்டு நீர்த்திட்டம் வகுத்தல் போதாது.

2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் 62 விழுக்காடு குறைந்தது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டன. நான்கு ஆண்டுகளுக்கு முன், 2015இல், அதே நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. பெய்த நீரைத் தேக்கும் இடம் தூர்ந்தால், மிகுதியும் துன்பம், குறைவும் துன்பம்.

குடமுழுக்குக் காணும் அன்பர்க்கு இரண்டு கடமைகள் உண்டு. திருப்பணியின்போது மணல்வீச்சாலும் சுண்ணப் பூச்சாலும் கல்வெட்டு எழுத்துக்கள் சிதையாமல் காத்தல் ஒன்று. ஊர் ஏரியையும் கோயிற் குளத்தையும் அவற்றின் வரத்துக் கால்களையும் ஆண்டுதோறும் செப்பனிடுதல் மற்றொன்று. முன்னையது முன்னோர் அறிவைக் காக்கும். பின்னையது பின்னோர் உயிரைக் காக்கும். இவ்விரண்டும் இறைபணியே எனக் கொள்வோமாக.