இருபடிச் சமன்பாடும் நான்கு மூலைகளும்

க² + 10க = 39 என்னுஞ் சமன்பாட்டை மேல்வகுப்பு மாணவரிடம் கொடுப்பின், பத்திற் பாதியாகிய ஐந்தை வர்க்கித்து, இருபுறமும் 25 கூட்டி விடை காண்பர். 25 கூட்டியது எற்றுக்கு என வினவின், "அதுவே விதி" என்பார் பலர். விதி பிறந்த இடத்தைக் கண்டவர் அவ்வாறு விடையிறார்.

இவ்வுதாரணம் மிகப் பழையது. கலீபா அல் மாமூன் (813–833) காலத்திற் பக்தாத்திலே வாழ்ந்த அல் குவாரிசுமி தம் நூலில் எடுத்தாண்டது இதுவே. அந்நூற்பெயரிலுள்ள 'அல் ஜபர்' என்னுஞ் சொல்லே ஐரோப்பாவில் 'அல்ஜிபரா' ஆயிற்று. நூலிற் குறியீடு யாதுமில்லை. எண்களுஞ் சொற்களாலேயே எழுதப்பட்டன. நம் மாணவர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

அவர் காட்டிய நியாயமோ கண்ணாற் காணத்தக்கது. பக்கம் க ஆகிய சதுரம் ஒன்று வரைக. 10க என்னும் பரப்பை நான்கு சமகூறிட்டால், ஒவ்வொரு கூறும் க நீளமும் 2½ அகலமுமுள்ள செவ்வகமாம். அவற்றைச் சதுரத்தின் நாற்புறமும் பொருத்துக. உருவின் மொத்தப் பரப்பு 39. ஆயினும் நான்கு மூலைகள் வெறுமையாயுள்ளன. மூலை ஒவ்வொன்றும் 2½ பக்கமுள்ள சிறு சதுரம். அதன் பரப்பு 6¼. நான்குஞ் சேர 25. நாம் காரணமறியாது கூட்டிய 25 இதுவன்றோ! மூலைகள் நிரம்பியதும் 64 பரப்புள்ள பெருஞ்சதுரம் தோன்றும். அதன் பக்கம் 8. இருமருங்கும் 2½ ஆக 5 கழிய, க = 3.

இச்சமன்பாட்டிற்கு −13 என்னும் வேறொரு மூலமும் உண்டு. அல் குவாரிசுமி அதனைக் கூறிற்றிலர். சதுரத்தின் பக்கம் மறையெண்ணாதல் எங்ஙனம்? மறையெண்களை விலக்கியமையால், சமன்பாடுகளை ஆறு வகையாகப் பிரித்துத் தனித்தனி விதி கூற வேண்டியவரானார். பாரதத்திலே பிரமகுப்தர் 628 இல் தனம், கடன் என்னும் பெயரால் நேரெண், மறையெண் இரண்டிற்கும் விதி வகுத்திருந்தார். இவ்விடயத்தில் முந்தியவரே தெளிவுடையவர் என்பது எம் கருத்து.

1145 இல் செசுற்றர் றொபேட்டு என்பார் அந்நூலை இலத்தீனில் மொழிபெயர்த்தார். சமக்குறி 1557 இல் றெக்கோட்டு என்பாரின் ஆங்கில நூலிலேதான் முதன்முதலாக அச்சேறிற்று. இன்று நாம் மனனஞ் செய்யுஞ் சூத்திரத்தில் இவ்வெண்களை இட்டுப் பார்க்குக: வர்க்கமூலக் குறியின் கீழ் வருவது 256. அது 64 இன் நான்மடங்கு.